பெயர் பெற்ற கட்டடங்களும் எண்ணிட்ட லயங்களும்
மலையகக் கட்டடச் சூழல் பற்றிய ஒரு விமரிசன நோக்கு

1

இலக்கியத்தை அது தோன்றிய சமூகத்தின் பின்னணியிலே வைத்து மதிப்பிடும் முறை ஈழத்துத் தமிழ் விமரிசனத்தில் வேரூன்றி அரை நூற்றாண்டுக்கு மேலாகின்றது. ஒரு நாவலை எடுத்துக்கொண்டால், அதனை எழுதியவர் யார், எவருக்காக எழுதினார், எந்த வர்க்கத்தின் வாழ்வு அதில் முன்னிறுத்தப்படுகின்றது, எது மறைக்கப்படுகின்றது என்ற வினாக்களை எழுப்பாமல் நாம் மேற்செல்வதில்லை. ஆயின், கல்லாலும் மரத்தாலும் தகரத்தாலும் ஆக்கப்பட்டவற்றின் முன்னே நிற்கும்பொழுது இவ்வினாக்களை மறந்துவிடுகின்றோம். கோயிற் கட்டடக்கலை பற்றித் தமிழிலே தரமான ஆய்வுகள் உள. மக்கள் வாழும் காம்பரா, கூடும் சந்தி, குடிக்கும் தவறணை, கடிதம் வந்து சேரும் அஞ்சலகம் என்பன பற்றிய விமரிசனமோ இன்னும் தொடக்க நிலையிலேயே இருக்கின்றது. மத்திய மலைநாட்டின் தேயிலைத் தோட்டப் பகுதியை, குறிப்பாக நுவரெலியா, ஹட்டன் ஆகிய இரு நகரங்களையும் அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களையும் சான்றாகக் கொண்டு, இக்குறையை ஓரளவேனும் நிரப்ப முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இம்முயற்சிக்கு உடனடித் தூண்டுதலாக அமைந்தது 2023 ஆம் ஆண்டு நவம்பரில் இடம்பெற்ற ஒரு நிகழ்ச்சியாகும். நுவரெலியா அஞ்சலகக் கட்டடத்தைச் சுற்றுலாத் துறை சார்ந்த ஹோட்டல் திட்டமொன்றுக்கு வழங்க அரசாங்கம் முற்பட்டபோது அஞ்சல் ஊழியர்கள் நாற்பத்தெட்டு மணிநேரப் பணிப்புறக்கணிப்பில் இறங்கினர். 1894 இல் எழுந்த, செங்கல் முகப்பும் மணிக்கூட்டுக் கோபுரமும் கொண்ட அக்கட்டடம் மக்களின் சொத்து என்றும், நாட்டின் மரபுரிமை என்றும் குரல்கள் எழுந்தன. அக்குரல்களோடு நாமும் உடன்படுகின்றோம். பொதுச் சொத்தைத் தனியார் கையில் ஒப்படைப்பதை எதிர்ப்பது முற்போக்காளர் கடமையே. எனினும், அவ்வேளையில் எம் மனத்தில் எழுந்த வினாவொன்று இன்றும் நீங்கவில்லை. அந்த அஞ்சலகத்தின் கோபுரத்தைச் சூழ்ந்துள்ள மலைகளில் வாழும் தோட்டத் தொழிலாளருள் பெரும்பாலோர்க்கு அங்கிருந்து கடிதம் நேராகச் சென்றடையும் முகவரி இருந்ததா என்பதே அவ்வினா.

லயங்களில் வாழ்வோர்க்குத் தனித்தனி முகவரி நெடுங்காலமாக இல்லை. கடிதங்கள் தோட்டத்தின் பெயருக்கு வரும். தோட்டக் காரியாலயத்திற் சேரும். அங்கிருந்து ஒருவர் கைமாறி இன்னொருவர் கைக்கு வந்து, கிடைக்கும் நாளிலே கிடைக்கும். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு நாள் கடந்த பின்னர் வந்து சேர்ந்த கதைகளை மலையக மாணவர் பலர் வாயிலாக நாம் கேட்டிருக்கின்றோம். இன்றும் பல தோட்டங்களில் இந்நிலை மாறவில்லை. அஞ்சலகம் அழகிய கட்டடம் என்பதில் ஐயமில்லை. ஆனால், ஓர் அஞ்சலகத்தின் பொதுமை அதன் கோபுரத்தின் உயரத்தில் இல்லை. அதிலிருந்து புறப்படும் கடிதம் எந்தக் கதவு வரை செல்கின்றது என்பதிலேயே தங்கியுள்ளது. கட்டடங்களை மதிப்பிடுவதற்கு இதனையே ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம் என்பது எமது கருத்து. ஒரு கட்டடத்திற்குப் பெயர் உண்டா, அதன் கதவு எவருக்குத் திறந்தது, அதிலே வாழ்ந்தோரை அது அடையாளங் காட்டுகின்றதா, மறைக்கின்றதா என்ற வினாக்களோடு மலையகத்தை நோக்குவோம்.

2

நுவரெலியா நகரின் பிரசித்தி பெற்ற கட்டடங்களும் வெளிகளும் ஏறத்தாழ ஒரே வரலாற்றுக் கட்டத்தின் விளைவுகளாகும். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820 களில் தமக்கெனக் கட்டிய வாசத்தலம் அந்நூற்றாண்டின் இறுதியில் கிராண்ட் ஹோட்டலாக மாறியது. ஹோலி டிரினிட்டி தேவாலயம் 1852 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. குதிரைப் பந்தயத் திடல் 1875 இலும், ஹில் கிளப் 1876 இலும், கோல்ப் விளையாட்டுக் கழகம் 1889 இலும் தோன்றின. விக்டோரியா மகாராணியாரின் வைர விழாவையொட்டி 1897 இல் விக்டோரியா பூங்கா பெயர் பெற்றது. டிக்கோயாப் பகுதியில் தரவளைக் கழகம் 1868 இலேயே தொடங்கிவிட்டது.

இவ்வாண்டுகளை மலையகப் பொருளாதார வரலாற்றின் ஆண்டுகளோடு பொருத்திப் பார்த்தல் பயனுடையது. லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலைப் பயிரைத் தொடங்கியது 1867 இல் ஆகும். கோப்பியை அழித்த இலைநோய் 1869 இல் வெளிப்பட்டது. புகையிரதப் பாதை 1884 இல் ஹட்டனையும் 1885 இல் நானுஓயாவையும் எட்டியது. ஆகவே நாம் இன்று நுவரெலியாவின் பழைமை என்று வியப்பனவற்றிற் பெரும்பாலானவை கோப்பியின் வீழ்ச்சிக்கும் தேயிலையின் எழுச்சிக்கும் இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் எழுந்தவையாகும். கோப்பித் தோட்டங்கள் வீழ்ந்தபோது கூலி நிலுவையை இழந்து வெறுங்கையோடு நின்றோரும், தேயிலைக்காக மீண்டும் காடு வெட்டியோரும் அதே முப்பது ஆண்டுகளிலேயே வாழ்ந்தனர். அவர்களுக்கு எழுந்த கட்டடம் லயம் ஒன்றே.

இக்கட்டடங்களின் பாணி பற்றிப் பொதுவாகக் கூறப்படுவது, அவை ஆங்கில நாட்டுப்புறத்தின் நினைவினால் உருவானவை என்பதாகும். சரிந்த கூரை, புகைபோக்கி, கணப்பு அடுப்பு, வெண்சுவரிற் கருமரச் சட்டங்கள், முன்றிலில் ரோசாச் செடிகள் என்பன யாவும் தாயகத்தை விட்டு வந்தோரின் ஏக்கத்தை வெளிப்படுத்துகின்றன என்பர். அக்கூற்றில் உண்மையில்லாமலில்லை. ஆனால் தாயகத்தை விட்டு வந்தோர் துரைமார் மட்டுமல்லர். திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களிலிருந்து வந்தோர்க்கும் தாயக நினைவு இருந்தது. ஒருவரது ஏக்கம் கட்டடக்கலையாகியது. மற்றவரது ஏக்கம் வாய்மொழிப் பாடலாகவே நின்றது. ஏக்கத்தை வீடாக்கும் அதிகாரம் எவரிடம் இருந்தது என்பதே இங்கு கேட்கப்பட வேண்டிய கேள்வியாகும்.

பெயர்களை நோக்கினும் இதே உண்மை புலனாகும். ஹட்டன் என்ற நகரப் பெயரே ஸ்கொட்லாந்து ஊரொன்றின் பெயரைத் தாங்கியது. துரையின் பங்களாவுக்குப் பெயர் உண்டு. தோட்டத்துக்குப் பெயர் உண்டு. மலைக்கும் எண்ணோ பெயரோ உண்டு. லயத்துக்கு எண் மட்டுமே உண்டு. பத்தாம் நம்பர் லயம், பணிய லயம், மேட்டு லயம் என்பன போன்ற வழக்குகளிலே இடமும் எண்ணும் உள்ளனவேயன்றி மனிதர் இல்லை. ஆயினும் தொழிலாளர் இப்பெயரிடலை வாளாவிருந்து ஏற்றுக்கொள்ளவில்லை. பெரிய கங்காணியின் பெயராலும், மரத்தாலும், பாறையாலும், ஆற்றாலும் தோட்டங்களுக்குத் தமிழ்ப் பெயர்களைச் சூட்டித் தமக்குள் வழங்கினர். ஒரே நிலத்துக்கு ஆவணத்தில் ஒரு பெயரும் மக்கள் வாயில் இன்னொரு பெயருமாக இரண்டு வரைபடங்கள் நிலவின என்பது மனங்கொள்ளத்தக்கது.

3

லயம் என்னும் கட்டட வடிவத்தை நாம் இரக்கத்தோடு வருணிப்பதோடு நின்றுவிடுதல் போதாது. அதனை ஒரு திட்டமிட்ட வடிவமாக ஆராய்தல் வேண்டும். நீளவாக்கில் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள்; ஒவ்வொன்றும் பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி; முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு. சிலவற்றில் முதுகோடு முதுகு ஒட்டி இரு வரிசைகள் அமைவதால் பின்சுவரில் சன்னலுக்கே இடமில்லை. இராணுவப் படைவீட்டின் அமைப்பை ஒத்த இவ்வடிவம் குடும்பத்தை மனத்திற் கொண்டு எழுந்ததன்று. காலையிற் பிரட்டுக்களத்தில் எண்ணிக்கைக்கு நிற்க வேண்டிய உழைப்புச் சக்தியை இரவிலே அடுக்கி வைப்பதற்காக எழுந்ததாகும். பங்களா பெரும்பாலும் மேட்டில், தோட்டம் முழுவதையும் நோக்கும்படி நிற்கும். தொழிற்சாலை பாதையருகே நிற்கும். லயமோ தேயிலை பயிரிட உதவாத சரிவிலும் பள்ளத்திலும் ஒதுங்கிக் கிடக்கும். 2014 அக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியபோது, அவை நின்ற இடத்தைத் தெரிவு செய்தவர் அங்கு வாழ்ந்தோர் அல்லர் என்பதையும் நாம் நினைவிற் கொள்ள வேண்டியிருந்தது.

லயத்தின் மற்றொரு முக்கிய பண்பு, அது வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தமையாகும். வேலை போனால் வீடும் போகும். கடன் நீங்கியதைக் காட்டும் துண்டு இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குச் செல்ல இயலாத நிலை 1921 இல் துண்டு முறை ஒழியும் வரை நீடித்தது. சங்கத்திற் சேர்ந்தவரைக் காம்பராவிலிருந்து வெளியேற்றும் மிரட்டல் அதன் பின்னரும் நீங்கவில்லை. எனவே லயம் என்பது வெறுமனே வசதி குறைந்த வீடு அன்று. அது உழைப்பைக் கட்டுப்படுத்தும் கருவியுமாகும். 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் நாட்டையும் மறுத்தபோது, காலடியில் இருந்த நிலமும் தமதன்று, நாடும் தமதன்று என்ற இரட்டை அந்நியத்தன்மை உருவாயிற்று. சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலுக்கு வீடற்றவன் எனப் பெயரிட்டதன் ஆழத்தை இப்பின்னணியிலேயே முழுமையாக உணரலாம். கூரைக்கடியில் வாழ்ந்தும் வீடற்றிருக்கும் நிலையை அத்தலைப்பு ஒரே சொல்லில் உணர்த்திவிடுகின்றது.

இவ்விடத்தில் ஒரு தவற்றையும் சுட்டுதல் வேண்டும். லயத்தை இழிநிலையின் சின்னமாக மாத்திரம் காட்டும் எழுத்துக்கள், அங்கு வாழ்ந்தோரின் ஆக்கத்திறனைக் காணத் தவறிவிடுகின்றன. இஸ்தோப்பை மண்சுவரால் மறைத்து அடுக்களையாக்கியவர்கள், கூரைக்கடியிற் பரண் கட்டி விறகும் நெல்லும் வைத்தவர்கள், சுவரில் விளக்கு மாடம் குடைந்தவர்கள், முன்னேயுள்ள துண்டு நிலத்தில் கீரையும் மரவள்ளியும் நட்டவர்கள் எவரும் கட்டடக் கலைஞர் எனப் பெயர் பெறவில்லை. ஆயினும் எண்ணிடப்பட்ட காம்பராவை மனித வாசத்திற்கு உரியதாக்கியவர்கள் அவர்களே. தோட்ட நிர்வாகம் கொடுத்தது சுவரை. வீட்டை ஆக்கியவர் தொழிலாளர், அவருள்ளும் சிறப்பாகப் பெண்கள்.

4

இனி மதுச்சாலைகளுக்கு வருவோம். மலையகம் பற்றிய சுற்றுலா எழுத்துக்களில் ஹில் கிளப்பின் மதுக்கூடம் தவறாமல் இடம்பெறும். கணப்பு அடுப்பு, வேட்டை விலங்குகளின் தலைகள், இரவு ஏழு மணியின் பின்னர் கழுத்துப்பட்டியும் மேலங்கியும் அணிய வேண்டும் என்ற விதி என்பன சுவையோடு வருணிக்கப்படும். சுதந்திரம் கிடைத்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்ற பின்னரே அதன் அங்கத்துவம் இந்நாட்டவர்க்குத் திறந்தது. பெண்களுக்கென வேறு வாயிலும் விலக்கப்பட்ட மதுக்கூடமும் இருந்தன. இவை யாவும் இன்று பழைமையின் சுவை எனப் பரிமாறப்படுகின்றன. அதே காலத்தில், அதே பானத்தின் இன்னொரு வடிவத்தை விற்ற தவறணை, சமூகத் தீமை என்ற ஒரே தலைப்பின் கீழ் அடங்கிவிடுகின்றது. ஒரு வர்க்கத்தின் குடி மரபுரிமையாகின்றது. இன்னொரு வர்க்கத்தின் குடி ஒழுக்கக்கேடாகின்றது. இவ்விரட்டை நீதியை விமரிசனம் ஏற்றுக்கொள்ள முடியாது.

இதனாற் குடியை நாம் நியாயப்படுத்துகின்றோம் என எவரும் எண்ணலாகாது. பெண் கொய்த கொழுந்தின் கூலியை ஆண் பெற்றுச்செல்லும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் நிலவிற்று. சம்பள நாளன்று அக்காசு வீட்டுக்கு வருமுன் கடந்து வரவேண்டிய கட்டடம் தவறணையாகும். கசிப்பின் கொடுமையும் நாம் அறிந்ததே. ஆனால் தீமையைக் கண்டிப்போர், அத்தீமையால் இலாபமடைந்தோரையும் கணக்கிலெடுத்தல் வேண்டும். சாராயக் குத்தகை குடியேற்ற ஆட்சியின் முக்கிய வருமான வழிகளுள் ஒன்றாக விளங்கியது. குத்தகையை ஏலத்தில் எடுத்த உள்நாட்டு வணிகர்களிடையே செல்வம் குவிந்தது. ஜெரோனிஸ் டி சொய்சா 1837 இல் ஹங்குரங்கெத்தையில் நிலம் வாங்கிக் கோப்பித் தோட்டச் சொந்தக்காரரானமை இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டாகும். சாராயக் குத்தகை இலங்கையின் முதலாளி வர்க்கத்தைத் தோற்றுவித்த வகையைக் குமாரி ஜயவர்தன விரிவாக ஆராய்ந்துள்ளார். தவறணையில் விழுந்த காசு தோட்டமாயிற்று. தோட்டத்திற் கிடைத்த கூலி மீண்டும் தவறணையில் விழுந்தது. இச்சுழற்சியைக் காணாமல் தொழிலாளியின் குடிப்பழக்கத்தை மட்டும் காண்பது அரைப்பார்வையாகும்.

மலையக வழக்கில் தவறணை என்ற சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. கள்ளும் சாராயமும் விற்கும் இடம் ஒன்று. தேயிலை நாற்றுக்களை வளர்க்கும் இடம் மற்றொன்று. இரண்டும் வேறு வேறு மூலங்களிலிருந்து வந்து ஒலியில் ஒன்றுபட்ட சொற்களாகலாம். எனினும் ஒரு தோட்டத்தின் தொடக்கத்திலே நாற்றுத் தவறணையும், அதிற் பெற்ற கூலியின் முடிவிலே மதுத் தவறணையும் நிற்பதை அம்மொழி தற்செயலாகவேனும் பதிவு செய்து வைத்திருக்கின்றது.

தவறணையை நாம் இன்னொரு வகையாகவும் நோக்கவேண்டும். தோட்டம் தனியார் சொத்து. அங்கு வெளியார் நுழைவது அத்துமீறலாகக் கருதப்பட்டது. தொழிற்சங்க முன்னோடியான கோ. நடேசய்யர் புடைவை வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுக்குட் சென்றார் என்று கூறப்படுவது இந்நிலையை விளக்கும். தோட்டத்தினுள்ளே பொதுவிடம் என ஒன்று இல்லாதபோது, தொழிலாளர் ஒருவரையொருவர் கண்டு பேசக்கூடிய இடம் நகரத்துத் தெருவே. அத்தெருவில் அவர்களுக்கு முதலிற் கதவு திறந்தவை கடையும் தவறணையும். 1931 இல் நடேசய்யர் ஹட்டனைத் தளமாகக் கொண்டு அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தபோதே, அத்தெருவில் வேறொரு கதவும் திறந்தது. பிற்காலத்தில் ஹட்டன் கடைவீதியின் மேல்மாடிகளிலே சங்கக் காரியாலயங்கள் பெருகின. ஒடுங்கிய படிக்கட்டு, ஒரு வாங்கு, ஒரு மேசை, சுவரிலே தலைவர்களின் படங்கள் என்ற அளவில் அமைந்த அவ்வறைகளைப் பற்றி எந்தக் கட்டடக்கலை நூலும் பேசாது. ஆனால் தொழிலாளி தனது பெயரைச் சொல்லி முறைப்பாடு எழுதுவித்த முதல் இடம் அதுவே. நுவரெலியா துரைமாரின் நகரம் என்றால், ஹட்டன் தொழிலாளரின் நகரமாக வளர்ந்தமைக்கு அம்மேல்மாடிகளும் காரணமாகும்.

5

பொதுக் கலை எனும்போது சிலையும் நினைவுத்தூணுமே நம் நினைவுக்கு வருகின்றன. மலையகத்தின் பொதுக் கலையாக இன்று பெரும்பாலும் முன்வைக்கப்படுவது கொழுந்து கொய்யும் பெண்ணின் உருவமாகும். தேயிலைப் பொதிகளிலும் விளம்பரங்களிலும் விற்பனை நிலையங்களின் முகப்பிலும் அவள் சிரித்தபடி நிற்கின்றாள். நூறாண்டுகளுக்கு மேலாக உலகம் முழுவதும் சென்ற அவ்வுருவத்துக்குப் பெயரில்லை. கூடை உண்டு, கூலி இல்லை. முகம் உண்டு, முகவரி இல்லை. இத்தகைய உருவத்தை நாம் மக்கள் கலை எனக் கொள்ளமுடியாது. அது விற்பனைப் பண்டத்தின் உறை.

மக்கள் தாமே படைத்த பொதுக் கலை வேறிடத்தில் உள்ளது. தோட்டங்களில் ரோதைமுனி, கவ்வாத்துச் சாமி, கொழுந்துச் சாமி எனத் தொழிலோடு பிறந்த தெய்வங்கள் வழிபடப்படுகின்றன. தமிழகத்துக் கிராமத்திலிருந்து மாரியம்மனையும் முனியாண்டியையும் மாடசாமியையும் கொண்டுவந்தவர்கள், இங்கு கண்ட புதிய உற்பத்திக் கருவிகளுக்கும் தெய்வம் கண்டனர். தொழிற்சாலைச் சக்கரத்தின் அருகே நாட்டிய கல், கவ்வாத்துக் கத்தியின் முன்னே ஏற்றிய சூடம் என்பவற்றை மூடநம்பிக்கை என ஒதுக்கிவிடுதல் எளிது. முற்போக்கு விமரிசனம் சில வேளைகளில் அவ்வாறே செய்திருக்கின்றது. அது போதாது என்றே நாம் கருதுகின்றோம். கையை இழுத்துக்கொள்ளக் கூடிய இயந்திரத்தின் முன்னே, எவ்விதச் சட்டப் பாதுகாப்புமின்றி நின்ற மனிதர் தம் அச்சத்துக்குக் கொடுத்த வடிவமே ரோதைமுனி எனக் கொள்ளலாம். கைத்தொழில் யுகத்தின் இயந்திரத்தைத் தமிழ் மக்கள் தம் கற்பனையில் எதிர்கொண்ட வரலாற்றின் அரிய சான்று அது.

காமன் கூத்தையும் இங்கு குறிப்பிடுதல் பொருந்தும். மாசி மாதத்தில் கம்பம் நாட்டிக் காமன் எரிப்போடு நிறைவுறும் இக்கூத்து மேடையில் நிகழ்வதன்று. லயங்களுக்கிடையே ஒதுக்கப்பட்ட காமன் பொட்டலிலே ஊர் கூடி ஆடுவது. பொட்டலுக்குச் சுவரில்லை, கூரையில்லை. ஆயினும் மலையகத்தின் மிக முக்கியமான கட்டட வெளிகளுள் அதுவும் ஒன்று என்பதே எமது துணிபு. காலையில் எண்ணிக்கைக்காக நிற்கும் பிரட்டுக்களத்துக்கு எதிர்நிலையாக, மக்கள் தம் விருப்பினாற் கூடும் களம் அது. கொழுந்து மடுவம் நிறுவைக்கு உரியது. பீலிக்கரை நீருக்கும் பெண்களின் பேச்சுக்கும் உரியது. பொட்டல் ஆட்டத்துக்கும் தப்பொலிக்கும் உரியது. தோட்டம் என்ற தனியார் சொத்தினுள்ளே பொதுமையை உண்டாக்கியவை இவையே. எந்த மரபுரிமைப் பட்டியலும் இவற்றைக் கண்டுகொண்டதில்லை.

இப்புறக்கணிப்புக்குச் சட்ட அடிப்படையும் உண்டு. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2 ஆந் திகதிக்கு முற்பட்டவற்றையே பொதுவாகப் புராதனச் சின்னங்கள் எனக் கொள்கின்றது. பிற்பட்டவை தனித்தனியே பிரகடனம் செய்யப்பட்டாலே பாதுகாப்புப் பெறும். கண்டி உடன்படிக்கை நாளான அந்த எல்லைக் கோட்டுக்குப் பின்னரே மலையகத் தமிழரின் வரலாறு முழுவதும் நிகழ்ந்துள்ளது. 1823 ஐத் தொடக்கமாகக் கொண்டு 2023 இல் இருநூறு ஆண்டு நினைவுகூரப்பட்டு, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணமும் நடந்தது. இருநூறு ஆண்டு வரலாறுடைய ஒரு மக்கட் கூட்டம் பொதுவான புராதன வரையறையினுள் இயல்பாக இடம்பெறும் ஒரு கல்லைக்கூடக் கொண்டிருக்கவில்லை.

6

அண்மைக் காலத்தில் பழைய தோட்டக் கட்டடங்கள் புதிய பயன் பெற்று வருகின்றன. இவற்றுள் மூன்றினை ஒப்பிடுதல் எமது வாதத்தைத் தெளிவாக்கும்.

கந்தப்பளை ஹெதர்செட் தோட்டத்தின் கைவிடப்பட்ட தொழிற்சாலை 1996 இல் ஹோட்டலாயிற்று. கொழுந்து வாட்டிய மேல்மாடிகள் படுக்கையறைகளாயின. வரிசையான சன்னல்களும் இயந்திரப் பாகங்களும் பேணப்பட்டன. கட்டடக்கலை நோக்கில் இது திறமையான மாற்றம் என்பதை மறுக்கவியலாது. பழைய கட்டடத்தை இடித்துத் தள்ளாமற் காத்தமை பாராட்டத்தக்கது. ஆயினும் அங்கு இயந்திரம் அழகுப் பொருளாகிவிட்டது. ரோதைமுனியின் கல்லருகே நின்றவருக்கு அச்சமூட்டிய அதே சக்கரம், விருந்தினர்க்கு அலங்காரமாகின்றது. அதனை இயக்கிய கை காட்சியிலிருந்து நீங்கிவிட்டது.

கண்டியை அடுத்த ஹந்தானையில் 1925 ஆம் ஆண்டுத் தொழிற்சாலையொன்றில் 2001 இல் திறக்கப்பட்ட தேயிலை அரும்பொருட்சாலை, தேயிலைக் கைத்தொழிலின் கருவிகளையும் முன்னோடிகளையும் முறையாகக் காட்டுகின்றது. அங்கு வரலாற்றின் கதாநாயகன் தேயிலையும் அதைப் பயிரிட்ட துரையும். இது பிழையன்று; ஆனால் முழுமையன்று.

மூன்றாவது, கம்பளையை அடுத்த பரதெக்கையில் பழைய லயமொன்றிலே 2007 இல் அமைந்த தோட்டத் தொழிலாளர் அரும்பொருட்சாலை. காம்பரா, பாத்திரம், கருவி, ஆவணம் என எளிய பொருள்களே அங்குள்ளன. முன்னைய இரண்டினதும் கட்டட நேர்த்தி இதற்கில்லை. எனினும் லயத்தை அதன் இடத்திலே, அதில் வாழ்ந்தோரின் பார்வையில் காட்டியமையால், மூன்றினுள்ளும் வரலாற்று நேர்மை மிக்கது இதுவே என்பது எமது மதிப்பீடு. எண்ணிட்ட கட்டடம் ஒன்று பெயர் பெற்ற தருணம் அது.

7

இறுதியாக ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். லயங்கள் இடிக்கப்பட வேண்டியவை. மக்கள் தனி வீடு கேட்டுப் போராடும்போது லயத்தை மரபுரிமை என்று பேசுவது அவர்களைப் பழைய குடிசையிலேயே இருக்கச் சொல்வதாகாதா என எம்மிடம் கேட்கப்படலாம். இவ்வினா நியாயமானது. எமது விடையும் ஐயத்துக்கிடமற்றது: லயங்கள் வாழிடமாக இருத்தல் ஒழியவேண்டும். ஏழு பேர்ச்சு நிலமும், உறுதியும், தனி வீடும், கதவிலக்கமும் மலையக மக்களின் உரிமை. எவரும் இடும் பிச்சையன்று. 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் தோட்டப் பகுதிகளுக்குச் சபைகளின் சேவை செல்வதற்குத் தடையாக இருந்து, 2018 இல் திருத்தம் பெறும்வரை முப்பத்தொரு ஆண்டுகள் சென்றன. அவ்வாண்டிலேயே பெருந்தோட்டப் பிராந்தியத்தில் புதிய கிராமங்களை அமைப்பதற்கென அதிகாரசபையும் சட்டத்தால் உருவாயிற்று. வீடமைப்பு நடைபெறும் வேகமோ தேவைக்கு மிகப் பின்தங்கியே நிற்கின்றது. ஒருவரும் வாழாத லயத்தைத்தான் நாம் நினைவுச் சின்னமாக்கலாம். மக்கள் வாழும் லயத்தை நினைவுச் சின்னம் என்பது கொடுமை.

ஆனால் இடிப்பதும் மறப்பதும் ஒன்றல்ல. புதிய வீடுகள் எழும்போது காமன் பொட்டலுக்கு இடம் ஒதுக்கப்படுகின்றதா, பீலிக்கரைக்குப் பதிலாகப் பெண்கள் கூடும் இடம் எது, தெய்வக் கல் எங்கே போயிற்று என்ற வினாக்களைத் திட்டமிடுவோர் கேட்கவேண்டும். தனி வீடு தேவை. அதனோடு பொதுவெளியும் தேவை. பொதுவெளி அற்ற வீட்டுத் தொகுதி, கதவுகள் பெருகிய இன்னொரு லயமாக முடியக்கூடும்.

பல்கலைக்கழகத்தாராகிய எமக்கும் இதிலே கடமையுண்டு. பேராதனை வளாகத்தின் கட்டட அழகை நாம் பெருமையோடு பேசுகின்றோம். பற்றிக் அபெர்குரோம்பி முதலியோரின் திட்டமும், சேர்லி டி அல்விஸின் கலைத்திறனும் அதில் விளங்குகின்றன. 1952 இல் பல்கலைக்கழகம் குடிபெயர்ந்து வந்த அந்நிலம் அதற்கு முன்னர் தோட்டமாக இருந்ததை நாம் அரிதாகவே நினைக்கின்றோம். நாம் கற்ற மண்டபங்களின் கீழும் மலையகத்தின் வரலாறு உண்டு. எனவே இடிபடும் ஒவ்வொரு லயத்தையும் இடிபடுமுன் அளந்து வரைதல், அதில் வாழ்ந்தோரின் பெயர்களைத் தலைமுறை வரிசையிற் பதிதல், தோட்டங்களின் தமிழ்ப் பெயர்களைத் தொகுத்தல், பொட்டல்களையும் தெய்வக் கற்களையும் வரைபடத்திற் குறித்தல் ஆகிய பணிகளைத் தமிழ்த்துறையும் வரலாற்றுத்துறையும் புவியியற்றுறையும் கூடி மேற்கொள்ளலாம். இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. மலையக மாணவர்கள் எம் வகுப்புக்களிலேயே இருக்கின்றனர். அவர்களது பாட்டன் பாட்டிமாரின் நினைவு இன்னும் அழியவில்லை.

நுவரெலியாவின் அஞ்சலகம் அஞ்சலகமாகவே நிலைக்கவேண்டும். அங்கிருந்து புறப்படும் கடிதம், பங்களாவின் படியைக் கடந்து, காரியாலய மேசையிலே தங்காமல், மலைச்சரிவில் இருக்கும் ஒரு பெண்ணின் பெயரும் கதவிலக்கமும் தாங்கி அவள் கையிற் சேரவேண்டும். அந்நாளிலேதான் அக்கட்டடம் பொதுக் கட்டடம் என்னும் பெயருக்கு முழுத் தகுதி பெறும்.